பிறர் பணம்: ஆவடித் தீர்மானமும் முந்த்ரா விவகாரமும்

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில், அம்பத்தூரைக் கடந்து சில நிலையங்கள் சென்றால் ஆவடி வரும். இன்று அது தொழிற்சாலைகளும் படைத்துறைக் குடியிருப்புகளும் நிறைந்த பெருநகர்ப் பகுதி. 1955 ஜனவரியில், ஊருக்கு வெளியே விரிந்திருந்த வெட்டவெளியில் பந்தலிட்டு, சத்தியமூர்த்தி நகர் என்று அதற்குப் பெயரும் சூட்டி, இந்திய தேசிய காங்கிரஸ் தன் மாநாட்டைக் கூட்டியது. யு.என். தேபர் தலைமை வகித்தார். பிரதமர் நேருவும் முதலமைச்சர் காமராசரும் முன்னின்ற அம்மாநாட்டில், சோசலிச பாணிச் சமுதாயமே நாட்டின் குறிக்கோள் என்னும் தீர்மானம் நிறைவேறியது. இந்தியப் பொருளாதார வரலாற்றை எழுதுவோர் எவரும் 'ஆவடி' என்னும் சொல்லைத் தவிர்த்துவிட்டு எழுத இயலாது.

அத்தீர்மானத்தின் அரசியல் விளைவுகள் பலராலும் பேசப்பட்டுள்ளன. அதன் மற்றொரு விளைவு போதிய அளவு பேசப்படவில்லை. கோடிக்கணக்கான எளிய மக்களின் சேமிப்பைத் திரட்டிப் பங்குச் சந்தையில் முதலீடு செய்யும் பொறுப்பை அரசு தன் கையில் எடுத்துக்கொண்டது அதன் பின்னரே. பிறர் பணத்தை முதலீடு செய்பவருக்குரிய ஒழுங்கு யாது, அவ்வொழுங்கு மீறப்பட்டால் விடை கூற வேண்டியவர் யார் என்னும் வினாக்கள் அப்போது எழுந்தன. ஆவடித் தீர்மானம் நிறைவேறிய மூன்றே ஆண்டுகளில் அவற்றுக்கு விடை தேட வேண்டிய நிலை ஏற்பட்டது. அவ்வரலாற்றைச் சற்று விரிவாகக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தனியார் கையில் இருந்த காலம்

சேமிப்பாளரின் பணம் அவர் அறியாமலேயே ஊகவணிகத்துக்குத் திருப்பப்படுவது சென்னைக்குப் புதிதன்று. 1906 அக்டோபரில் ஆர்பத்நாட் நிறுவனம் நொடித்தது. பாரி, பின்னி ஆகியவற்றுடன் சேர்த்து எண்ணப்பட்ட அப்பெரு வணிக இல்லத்தில், அரசு அலுவலரும் வழக்கறிஞரும் கைம்பெண்களும் தம் வாழ்நாள் சேமிப்பை வைப்புத்தொகையாக இட்டிருந்தனர். லண்டனில் இருந்த கூட்டாளி மெக்பாடியன் அப்பணத்தைக் கொண்டு ஊகவணிகத்தில் இறங்கித் தோற்றுத் தன் உயிரையும் மாய்த்துக்கொண்டார். சென்னையில் இருந்த சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் சிறைத்தண்டனை பெற்றார். அவ்வீழ்ச்சி தந்த படிப்பினையால், வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோரின் முயற்சியில் 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது.

பங்குச் சந்தையின் தொடக்க வரலாறும் இதைப் போன்றதே. முதல் உலகப் போருக்குப் பின் எழுந்த வணிக எழுச்சியில், 1920இல் சென்னையில் ஏறத்தாழ நூறு உறுப்பினர்களுடன் ஒரு பங்குச் சந்தை தொடங்கப்பெற்றது. எழுச்சி அடங்கியதும் உறுப்பினர் தொகை மூன்றாகக் குறைந்து, 1923இல் அது மறைந்தது. நூற்பாலைகளும் தோட்ட நிறுவனங்களும் தென்னகத்தில் பெருகிய பின்னரே, 1937இல் மீண்டும் ஒரு சந்தை அமைந்தது. விலை ஏறும்போது கூடி, இறங்கும்போது கலைவது முதலீட்டாளரின் இயல்பு என்பதற்கு அம்மூன்றாண்டு வரலாறு போதிய சான்றாகும்.

ஆயுள் காப்பீட்டுத் துறையிலோ இடர் இன்னும் ஆழமானது. வைப்புத்தொகை இடுபவர் நினைத்தால் திரும்பப் பெறலாம். காப்பீடு செய்துகொண்டவரோ இருபது முப்பது ஆண்டுகள் தவணை கட்டிக் காத்திருப்பவர். பல நேரங்களில், தாம் மறைந்த பின் தம் மக்களுக்குக் கிடைக்க வேண்டிய தொகைக்காகக் கட்டுபவர். இவ்வாறு நெடுங்காலம் கேட்பாரற்றுத் தேங்கிக்கிடக்கும் நிதி, அதை ஆள்வோருக்கு ஒரு சோதனையாக அமைவதில் வியப்பில்லை. 1955 டிசம்பரில் காங்கிரஸ் உறுப்பினரும் நேருவின் மருமகனுமான பெரோஸ் காந்தி, தொழிலதிபர் இராமகிருஷ்ண டால்மியாவின் பாரத் இன்சூரன்ஸ் நிறுவனத்தில் நிதி திருப்பப்பட்டதை மக்களவையில் அம்பலப்படுத்தினார். டால்மியா பின்னர் இரண்டாண்டுச் சிறைத்தண்டனைக்கு உள்ளானார்.

ஆவடித் தீர்மானம் வகுத்த பாதையும் இத்தகைய முறைகேடுகள் தந்த காரணமும் ஒன்றுசேர்ந்தன. 1955 ஜூலையில் இம்பீரியல் வங்கி பாரத ஸ்டேட் வங்கியாயிற்று. 1956 ஜனவரி 19இல் பிறப்பிக்கப்பட்ட அவசரச் சட்டம் ஆயுள் காப்பீட்டுத் தொழிலை அரசின் நிர்வாகத்தில் கொண்டுவந்தது. அதே ஆண்டு செப்டம்பர் முதல் நாளில் 245 நிறுவனங்களும் சங்கங்களும் ஒன்றாக்கப்பட்டு ஆயுள் காப்பீட்டுக் கழகம் (எல்.ஐ.சி.) உருவாயிற்று. மக்கள் பணம் தனியார் பேராசையிலிருந்து காக்கப்பட்டுவிட்டது என்றே நாடு நம்பியது.

முந்த்ராவின் கோபுரம்

ஹரிதாஸ் முந்த்ரா கல்கத்தாவைச் சேர்ந்தவர். மின்விளக்கு விற்பனையாளராக வாழ்வைத் தொடங்கியவர் என்பர். விடுதலைக்குப் பின் பிரித்தானிய முதலாளிகள் இந்தியாவிலிருந்த தம் நிறுவனங்களை விற்றுவிட்டு வெளியேறிக்கொண்டிருந்த காலம் அது. ஜெசப், ரிச்சர்ட்சன் அண்டு குரூடாஸ், கான்பூரின் பிரிட்டிஷ் இந்தியா கார்ப்பரேஷன் போன்ற பெயர்பெற்ற நிறுவனங்களின் பங்குகளை அவர் வாங்கிக் குவித்தார். அதற்கான பணம் பெரும்பாலும் அவருடையதன்று. வாங்கிய பங்கை வங்கியில் அடமானம் வைப்பார். கிடைத்த கடனில் மேலும் பங்கு வாங்குவார். அவர் வாங்குவதாலேயே விலை ஏறும். ஏறிய விலையைக் காட்டி மேலும் கடன் பெறுவார்.

இம்முறையின் உள்ளமைப்பை ஓர் எடுத்துக்காட்டால் விளங்கிக்கொள்ளலாம். 100 ரூபாய்ப் பங்கை ஈடாக வைத்து ஒருவர் 60 ரூபாய் கடன் பெறுகிறார் என்று கொள்வோம். விலை 120 ஆனால், அதே ஈட்டின் மேல் மேலும் 12 ரூபாய் கிடைக்கும். விலை 80 ஆக இறங்கினாலோ, அவ்வீடு 48 ரூபாய்க் கடனை மட்டுமே தாங்கும். எஞ்சியதை உடனே கட்டுமாறு வங்கி கேட்கும். கட்டக் கையில் பணமில்லாதவர் பங்கை விற்பார். விற்பதால் விலை மேலும் இறங்கும். வங்கி மேலும் கேட்கும். ஏற்றத்தில் ஏணியாக நின்ற கடனே இறக்கத்தில் சறுக்குமரமாக மாறுகிறது. சொந்தப் பணத்தில் பங்கு வைத்திருப்பவர் விலை இறக்கத்தைப் பொறுத்திருந்து கடக்கலாம். கடன் வாங்கி வைத்திருப்பவருக்குப் பொறுத்திருக்கும் உரிமை இல்லை. எந்நாட்டுச் சந்தையிலும் எக்காலத்திலும் ஊகவணிகரை வீழ்த்திய காரணங்களுள் இது தலையாயது.

1957 மே மாதத்தில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி அளித்த வரவுசெலவுத் திட்டம் செல்வ வரியையும் செலவு வரியையும் கொண்டுவந்தது. கல்கத்தாச் சந்தை தளர்ந்தது. முந்த்ராவின் கோபுரம் ஆடத் தொடங்கியது. தம் பங்குகளை ஆயுள் காப்பீட்டுக் கழகம் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று ஜூன் மாதத்தில் அவர் நிதித்துறையின் முதன்மைச் செயலாளர் எச்.எம். பட்டேலை அணுகினார். சில நாள்களுக்குள், ஜூன் 24ஆம் நாளையொட்டி, ஆறு முந்த்ரா நிறுவனங்களின் பங்குகளைக் கழகம் ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு வாங்கியது. கழகம் அதுவரை ஒரே முறையில் செய்திராத பெருங்கொள்முதல் அது. முதலீடுகளை ஆராய்வதற்கென்றே கழகத்துக்கு ஒரு முதலீட்டுக் குழு இருந்தும், அக்குழு முன்கூட்டிக் கலந்தாலோசிக்கப்படவில்லை. விலை பேசப்பட்டதோ முந்த்ராவுடனேயே. கல்கத்தாச் சந்தையின் அன்றைய விலை அளவுகோலாகக் கொள்ளப்பட்டது. அதற்கு முந்தைய சில நாள்களில் அவ்விலை எவ்வாறு ஏறியது என்பதைப் பெரோஸ் காந்தி பின்னர் அவையில் எடுத்துக்காட்டினார்.

திறந்த மன்றத்தில் ஒரு விசாரணை

1957 டிசம்பர் 16இல் பெரோஸ் காந்தி மக்களவையில் இவ்விவகாரத்தை முழுமையாக எடுத்துரைத்தார். ஆளுங்கட்சியைச் சேர்ந்தவரே ஆளுங்கட்சியின் நிதியமைச்சரை நோக்கிக் கேட்ட கேள்விகள் அவை. தனியார் காப்பீட்டு நிறுவனங்களின் முறைகேட்டை வெளிப்படுத்தியவரும் அவரே, அரசுடைமையான கழகத்தின் முறைகேட்டை வெளிப்படுத்தியவரும் அவரே என்பது சிந்தனைக்குரியது. உடைமை யாருடையது என்பதை அவர் பார்க்கவில்லை. பணம் யாருடையது என்பதையே பார்த்தார்.

அரசு, பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி முஹம்மது அலி கரீம் சாக்ளாவை ஒருநபர் ஆணையமாக அமர்த்தியது. சாக்ளா, விசாரணை பொதுமக்கள் முன்னிலையிலேயே நடைபெற வேண்டும் என்று முடிவு செய்தார். அரங்கில் இடம்பெறாதவர்கள் வெளியே நின்று கேட்க ஒலிபெருக்கிகள் அமைக்கப்பட்டன. அமைச்சரும் செயலாளரும் கழகத் தலைவரும் சாட்சிகளாக வந்து கேள்விகளுக்கு விடையளித்தனர். அட்டர்னி ஜெனரல் எம்.சி. செதல்வாட் ஆணையத்துக்குத் துணைநின்று, அரசுத் தரப்பின் விளக்கங்களையே கூர்ந்து சோதித்தார். ஏறத்தாழ ஒரு மாத காலத்துக்குள், 1958 பிப்ரவரியில், அறிக்கை வெளிவந்தது. நம் நாட்டின் விசாரணை ஆணையங்கள் பல ஆண்டுக் கணக்கில் நீள்வதை அறிந்தவர்க்கு இவ்விரைவின் அருமை விளங்கும்.

கொள்முதலுக்கு அளிக்கப்பட்ட முதன்மையான நியாயம், தளர்ந்துகொண்டிருந்த கல்கத்தாச் சந்தையைத் தாங்கிப் பிடித்தல் என்பதாகும். சாக்ளா இதை ஏற்கவில்லை. சந்தை முழுவதும் தளர்ந்திருந்தால், பலராலும் மதிக்கப்படும் முன்னணி நிறுவனங்களின் பங்குகளைப் பரவலாக வாங்கியிருக்க வேண்டும். ஒரே மனிதரின் ஆறு நிறுவனங்களில் பணத்தைக் குவிப்பது சந்தையைத் தாங்குவதாகாது. அம்மனிதரைத் தாங்குவதே ஆகும். கழகத்தின் நிதி, காப்பீடு செய்துகொண்டவர்களின் நலனுக்கே செலவிடப்பட வேண்டும் என்றும், தன்னாட்சி பெற்ற கழகத்தின் செயல்பாட்டில் அரசு தலையிடலாகாது என்றும், தலையிடத்தான் வேண்டுமெனில் எழுத்துவடிவில் ஆணையிட்டுவிட்டுத் தலையிட வேண்டும் என்றும் அவர் வகுத்தார். செயலாளரின் செயலுக்கு அமைச்சரே பொறுப்பு; எனக்குத் தெரியாது என்று கூறி அவர் விலகிக்கொள்ள இயலாது என்பதும் அவர் கண்ட முடிவு. அம்மாதமே கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். முந்த்ரா கைது செய்யப்பட்டார்.

ஃபிக்ஹு மரபின் ஒளியில்

ஆயுள் காப்பீடு குறித்து உலமாக்களிடையே நிலவும் கருத்துவேறுபாடுகள் இங்கு நம் ஆய்வுப்பொருள் அல்ல. பிறர் பணத்தைப் பெற்று வணிகம் செய்பவரின் பொறுப்பை வரையறுப்பதில் இஸ்லாமியச் சட்ட மரபு காட்டிய நுட்பம், இவ்வரலாற்றை விளங்கிக்கொள்ளப் பெரிதும் உதவுகிறது என்பதாலேயே அதனை இங்கு நோக்குகிறோம்.

முளாரபா அல்லது கிராள் எனப்படும் கூட்டு வணிகத்தில் ஒருவர் முதலைத் தருவார். மற்றவர் உழைப்பைத் தருவார். ஆதாயத்தை ஒப்புக்கொண்ட விகிதத்தில் பகிர்வர். நட்டம் ஏற்பட்டால் அது முதலைத் தந்தவரையே சாரும். உழைத்தவருக்கு உழைப்பு வீணாகும். எனினும், உழைப்பவர் விதிக்கப்பட்ட வரம்பை மீறினால், அல்லது அசட்டையாக நடந்துகொண்டால், நட்டத்துக்கு அவரே பிணையாவார். நபித்தோழர் ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) தம் பணத்தைக் கொடுக்கும்போது, உயிருள்ள கால்நடையில் அதை முடக்கக்கூடாது, கடல்வழி கொண்டுசெல்லக்கூடாது, வெள்ளம் பாயும் ஓடையில் தங்கக்கூடாது, மீறினால் நீரே பொறுப்பு என்று நிபந்தனை விதித்ததாக அறிவிக்கப்படுகிறது. எவ்வகை இடரை ஏற்கலாம், எதை ஏற்கலாகாது என்று முன்கூட்டியே வரையறுக்கும் முதலீட்டுக் கொள்கை அதுவே. கழகத்தின் முதலீட்டுக் குழு இத்தகைய வரம்புக்குக் காவலாகவே அமைக்கப்பட்டிருந்தது. அதைத் தாண்டிச் சென்றபோதே, ஆதாயம் வந்திருப்பினும், மீறல் நிகழ்ந்துவிட்டது.

'நஜ்ஷ்' என்பதும் இங்குக் கருதத்தக்கது. பொருளை வாங்கும் எண்ணமின்றி, பிறரை ஏமாற்றும் பொருட்டு விலையை ஏற்றிக் கேட்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். முந்த்ரா பங்குகளை மெய்யாகவே வாங்கினார். ஆகவே சட்ட வரையறைக்குள் அது முற்றிலும் பொருந்தும் என்று கூற முடியாது. எனினும், வைத்துப் பயன்பெறுவதற்காக அன்றி, அடமான மதிப்பை உயர்த்துவதற்காகவே வாங்கப்படும் பொருளின் விலை, அப்பொருளின் உண்மை மதிப்பைப் பறைசாற்றும் சாட்சியாக நிற்க முடியாது. அத்தடையின் உட்பொருள் அதுவே. சந்தை விலைக்குத்தானே வாங்கினோம் என்னும் விளக்கம் அதனால்தான் நிற்காமற் போயிற்று.

இவை யாவற்றினும் நெருக்கமான ஒரு நிகழ்வை இமாம் மாலிக் (ரஹ்) தம் முவத்தாவில் பதிவு செய்துள்ளார்கள். உமர் (ரலி) அவர்களின் புதல்வர்கள் அப்துல்லாஹ்வும் உபைதுல்லாஹ்வும் படையுடன் இராக் சென்று திரும்பும் வழியில், பஸ்ராவின் ஆளுநர் அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களைக் கண்டனர். கலீஃபாவுக்கு அனுப்ப வேண்டிய பொதுநிதி அவரிடம் இருந்தது. அதை இருவருக்கும் கடனாகக் கொடுத்து, இராக்கியச் சரக்கு வாங்கி மதீனாவில் விற்று, முதலைக் கலீஃபாவிடம் ஒப்படைத்து ஆதாயத்தை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அவ்வாறே செய்து ஆதாயமும் ஈட்டினர். செய்தி அறிந்த உமர் (ரலி) கேட்ட முதற்கேள்வி, படையினர் அனைவருக்கும் அவர் இவ்வாறு கடன் கொடுத்தாரா என்பதே. இல்லை என்றனர். கலீஃபாவின் பிள்ளைகள் என்பதற்காகவே உங்களுக்குக் கொடுத்தார். முதலையும் ஆதாயத்தையும் ஒப்படையுங்கள் என்றார்கள். பணம் அழிந்திருந்தால் நாங்கள்தானே ஈடுகட்டியிருப்போம் என்று உபைதுல்லாஹ் வாதிட்டார். அவையில் இருந்த ஒருவர் இதனைக் கிராளாகக் கருதலாமே என்று கூற, உமர் (ரலி) முதலையும் ஆதாயத்தில் பாதியையும் பொதுநிதிக்குப் பெற்றுக்கொண்டு, மறுபாதியைப் புதல்வர்களுக்கு விட்டார்கள்.

அந்நிகழ்வில் பொதுநிதிக்கு நட்டம் ஏதும் நேரவில்லை. முதல் பத்திரமாகத் திரும்பியது. அப்படியிருந்தும் கேள்வி எழுந்தது. ஆதாயமா நட்டமா என்பதற்கு முன்னரே, இவ்வாய்ப்பு இவர்களுக்கு மட்டும் எவ்வாறு வாய்த்தது என்று கேட்கப்பட்டது. கல்கத்தாச் சந்தையில் 1957இல் இடருற்றவர் முந்த்ரா ஒருவர் மட்டுமல்லர். ஆயினும் கழகத்தின் பணப்பெட்டி அவருக்காகத் திறந்தது. சாக்ளா ஆணையம் தொட்டதும் இந்த இடத்தையே.

பின்னர் நிகழ்ந்தவை

சென்னை அண்ணா சாலையில் நிற்கும் எல்.ஐ.சி. கட்டடம், எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியாரின் யுனைட்டெட் இந்தியா காப்பீட்டு நிறுவனத்துக்காகத் திட்டமிடப்பட்டது. அவர் 1954இல் விமான விபத்தில் மறைந்தார். நிறுவனம் நாட்டுடைமையாயிற்று. 1959 ஆகஸ்டில் அக்கட்டடத்தைத் திறந்துவைத்தவர், முந்த்ரா விவகாரத்தால் காலியான நிதியமைச்சர் பொறுப்பை ஏற்ற மொரார்ஜி தேசாய். கிருஷ்ணமாச்சாரியும் அரசியலில் மறைந்துவிடவில்லை. 1963இல் மீண்டும் நிதியமைச்சரானார். அதே அமைச்சரவையில் கல்வியமைச்சராக இடம்பெற்றவர், அவரை விசாரித்த சாக்ளா. எச்.எம். பட்டேல் 1977இல் தாமே நிதியமைச்சர் ஆனார்.

மீண்டும் வந்த கிருஷ்ணமாச்சாரியின் முயற்சியில் உருவானதே யூனிட் டிரஸ்ட். சந்தையைத் தாமே ஆராய இயலாத எளியவர்களும் பங்கு முதலீட்டின் பயனைப் பெற வேண்டும் என்னும் நல்நோக்கத்துடன், 1964இல் 'யூ.எஸ். 64' திட்டம் தொடங்கப்பெற்றது. ஆவடியிலும் அம்பத்தூரிலும் தொழிற்சாலைகள் பெருகி, மாதச் சம்பளம் பெறும் ஒரு புதிய சமூகம் உருவாகிவந்த காலம் அது. சம்பளத்தில் பிடித்தம் செய்யப்படும் காப்பீட்டுத் தவணை, வருங்கால வைப்புநிதி, ஓய்வுக்குப் பின் யூனிட் என்பது அத்தகையோரின் சேமிப்பு வழியாயிற்று. அரசு நடத்துவதால் பணம் எங்கும் போகாது என்னும் நம்பிக்கையே அவர்களின் முதலீட்டுக் கொள்கை எனலாம். அவ்விலை சந்தையில் பங்குகளின் உண்மை மதிப்பைப் பின்பற்றாமல் நிறுவனத்தாலேயே அறிவிக்கப்பட்டு வந்தது. 2001 ஜூலையில், மீட்பு ஆறு மாதங்களுக்கு நிறுத்தப்படுகிறது என்ற அறிவிப்பு வந்தபோதுதான், அறிவித்த விலைக்கும் உண்மை மதிப்புக்கும் இடையே நெடுநாளாக இருந்த பள்ளம் பலருக்கும் தெரியவந்தது.

ஆயுள் காப்பீட்டுக் கழகமோ 2022 மே மாதத்தில் தானே பங்குச் சந்தையில் இடம்பெற்றது. அரசு தன் உடைமையில் ஏறத்தாழ 3.5 விழுக்காட்டை மக்களுக்கு விற்றது. 949 ரூபாய்க்கு வெளியிடப்பட்ட பங்கு, முதல் நாளில் அதற்குக் கீழேயே வணிகமாயிற்று. 1937இல் மீண்டும் தொடங்கிய சென்னைப் பங்குச் சந்தை இதைக் காண இல்லை. அது 2015இல் முறைப்படி விடைபெற்றிருந்தது. இப்போது கழகத்துக்குப் பாலிசிதாரர், பங்குதாரர், அரசு என மூவர் உரிமை கொண்டாடுகின்றனர். மூவரின் நலனும் எப்போதும் ஒன்றாக இருக்கும் என்று கூறுவதற்கில்லை. அவை முரண்படும் நாளில் யாருடைய நலன் முதலில் நிற்கும் என்னும் வினாவுக்குச் சாக்ளா அளித்த விடை இன்றும் பொருந்துவதாகும்.

ஆர்பத்நாட், டால்மியா, முந்த்ரா ஆகிய மூன்று நிகழ்வுகளிலும் பணத்தை ஆண்டவர் வேறுவேறு. வெளிநாட்டு வணிக இல்லம், உள்நாட்டுத் தொழிலதிபர், மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு. ஆவடிப் பந்தலில் கூடியவர்கள், உடைமை மாறினால் ஒழுங்கும் மாறும் என்று நேர்மையாகவே நம்பியிருக்கலாம். மாற்றியது உடைமையை மட்டுமே. ஒழுங்கைக் காத்தவை, அவையில் எழுந்து கேட்ட ஓர் உறுப்பினரின் துணிவும், கதவைத் திறந்துவைத்து விசாரித்த ஒரு நீதிபதியின் நேர்மையும், பதவியை இழக்க வேண்டிவந்த ஓர் அமைச்சரின் பொறுப்பேற்பும் ஆகும். தம் சேமிப்பை இன்று ஒரு நிதியத்திடமோ நிறுவனத்திடமோ ஒப்படைக்கும் எவரும், எத்தனை விழுக்காடு ஆதாயம் என்று கேட்பதற்கு முன், என் பணத்துக்கு நீர் விதித்துக்கொண்ட வரம்பு யாது, அதை மீறினால் யாரிடம் விடை கூறுவீர் என்று கேட்பது நலம். அமானிதத்தை ஏற்றவர் அக்கேள்விக்குக் கடமைப்பட்டவர்.